கை குலுக்கிட்டா கணக்கு தீர்ந்துடுமா?

ஜாக்கி வீவரை ஞாபகம் இருக்கா மக்களே? 2020 டிசம்பரில் இங்கிலாந்தின் ஹேண்ட்ஃபோர்த் ஊர்மன்றக் கூட்டம் ஜூமில் நடந்தது. கத்திக்கொண்டிருந்த கவுன்சிலர்களை அந்த அம்மா அலட்டிக்கொள்ளாமல் வெளியே தள்ளிய வீடியோ, 2021 பிப்ரவரியில் உலகம் சுற்றியது. அப்போது நான் ஸ்கூல் பையன். ஆன்லைன் கிளாஸுக்கு நடுவில் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன்.

சிரித்து முடித்ததும் ஒரு சந்தேகம். அங்கே ஒரு கவுன்சிலர் ஊழியரை மிரட்டினால் யாரிடம் புகார் செய்வது? தேடிப் படித்தேன். கடுப்பாகிவிட்டது.

2012 வரை அங்கே நடத்தைப் புகார்களுக்கென்றே தேசிய அளவில் ஒரு வாரியம் இருந்தது. அந்த முறையில் ஒரு கவுன்சிலரை 5 வருடம் வரை தகுதிநீக்கம் செய்ய முடிந்தது. 2011-ல் வந்த லோக்கலிசம் சட்டம் அதை ஊத்தி மூடியது. புகார்கள் மாவட்ட அளவிலான பெரிய மன்றத்தின் 'மானிட்டரிங் ஆபீசர்' மேசைக்கு வந்தன. (கிளாஸ் லீடர் இல்லைங்க, சட்ட விவகாரம் பார்க்கும் அதிகாரி.) அவர் புகாரைத் தள்ளலாம், விசாரிக்கலாம், இல்லாவிட்டால் 'பேசித் தீர்த்துக்கலாமே' எனலாம். ஒரு மன்னிப்பு, ஒரு பயிற்சி வகுப்பு, ஒரு கைகுலுக்கல். ஃபைல் க்ளோஸ்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் சமரசம் என்பது பேரம். படியாவிட்டால் நஷ்டம் வரும் என்ற பயம் இரண்டு பக்கமும் இருந்தால்தான் பேரம் படியும். இந்தச் சட்டப்படி முழு விசாரணை நடத்தி குற்றம் நிரூபித்தாலும் இடைநீக்கம் கிடையாது. கண்டனம், கமிட்டியிலிருந்து நீக்கம், அவ்வளவுதான். மன்னிப்புக் கேள் என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. இதற்கு அந்த ஆள் ஏன் பயப்படணும்?

எதிரில் யார் என்று பாருங்கள். சின்ன ஊர்மன்றங்களில் பெரும்பாலும் ஒரே ஒரு கிளார்க்தான். சம்பளம் கொடுப்பதே அந்த மன்றம். மிரட்டியவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து 'சமாதானமாப் போயிடுங்க' என்றால் அதற்குப் பேர் தீர்வா?

சட்டத்தில் வழி இல்லையென்று குறுக்குவழி போனால் அதுவும் அடைபடும். லெட்பரி நகர்மன்றம், ஊழியர்கள் கொடுத்த புகாரின் பேரில் ஒரு கவுன்சிலர் மீது தன் சொந்தக் குறைதீர் நடைமுறையில் தடைகள் போட்டது. நடத்தை விதி வழியில்தான் போகணும், இது செல்லாது என்று 2018-ல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

'எல்லாத்தையும் விசாரிச்சா காசு?' என்பீர்கள். நியாயம். ஹேண்ட்ஃபோர்த் விசாரணைகளுக்கே 85,000 பவுண்டு செலவு. இரண்டு கவுன்சிலர்கள் கூட்டத்தில் வாய் தவறித் திட்டிக்கொண்டால் டீ வாங்கிக் கொடுத்து முடிக்கட்டும். ஊழியரை மிரட்டியதையும் அதே டீக்கடையில் முடிக்காதே என்பதுதான் என் வாதம்.

நாங்கள் படித்த அக்கவுண்ட்ஸில் ஒரு விதி உண்டு. வாராக்கடனைத் தள்ளுபடி பண்ணலாம், ஆனால் பேரேட்டில் எழுதணும், லாப நட்டக் கணக்கில் காட்டணும். எழுதாமல் தள்ளினால் அது தள்ளுபடி இல்லை, மோசடி. பேசித் தீர்த்த புகாருக்கும் அதேதான். புகார் கொடுத்தவர் மனசார சம்மதிக்கணும். மிரட்டல் புகாருக்கும், இரண்டாவது முறை மாட்டியவருக்கும் சமரசம் கூடாது. முக்கியமாக, எந்தக் கவுன்சிலர், என்ன புகார், எப்படி முடிந்தது என்று வாக்காளர் பார்க்கும்படி பதிவு வேணும். ஓட்டுப் போடுகிறவனுக்குத் தெரியாத தீர்வு, கவுன்சிலருக்கு மட்டும் தீர்வு.

6 மாதம் வரை இடைநீக்க அதிகாரம் கொடுங்கள் என்று பொதுவாழ்வு ஒழுக்கக் குழு 2019-லேயே சொன்னது. 2022-ல் அன்றைய அரசு முடியாது என்றது. 2024 டிசம்பரில் அடுத்த அரசு மறுபடி மக்களிடம் கருத்துக் கேட்டது. கையில் பிரம்பு இருக்கும் வாத்தியார் சிரித்தபடி பேசினால் அது பெருந்தன்மை. பிரம்பே இல்லாதவர் சிரித்தால்?

டிஸ்கி: எனக்கு லண்டனில் சித்தப்பா யாரும் கிடையாது. கணக்கு டேலி ஆகலைன்னா தூக்கம் வராது, அவ்வளவுதான் :-)