பிள்ளை பள்ளிக்கு ஒழுங்காகப் போகவேண்டுமா? பரிசும் தண்டனையும் மட்டும் போதாது

"வயிறு வலிக்குதும்மா... இன்னைக்கு ஸ்கூல் வேணாம்!"

தொடக்கப்பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள பல வீடுகளுக்கு இந்தக் குரல் பழக்கமானதுதான். என்றோ ஒரு நாள் என்றால் பரவாயில்லை. மாதத்துக்கு 2 நாள் என்று ஆகிவிட்டால்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதத்தில் ஏறக்குறைய 20 பள்ளி நாள்கள். அதில் 2 நாள் போனால் 10 விழுக்காடு. 6 ஆண்டுத் தொடக்கப்பள்ளி முழுக்க அப்படியே தொடர்ந்தால், பிள்ளை இழப்பது அரை ஆண்டுக்கும் அதிகமான படிப்பு!

சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூரில் கட்டாயக் கல்விச் சட்டம் 2003ஆம் ஆண்டு நடப்புக்கு வந்தது. இங்கு வசிக்கும் 6 வயதுக்கு மேல், 15 வயதுக்குட்பட்ட குடிமக்கள், விலக்கு பெற்றிருந்தால் தவிர, தேசியத் தொடக்கப்பள்ளிக்குச் செல்லவேண்டும். பள்ளியில் பெயர் பதிந்தால் மட்டும் போதாது. பிள்ளை தவறாமல் வரவும்வேண்டும். மீறும் பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

ஆனால் அபராதம் பிள்ளையைக் காலையில் எழுப்பிவிடாது. இரவு வேலை முடிந்து அப்போதுதான் கண்ணயர்ந்த அம்மா, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத குட்டித் தம்பி, அடிக்கடி வீடு மாறும் குடும்பம் – இவையெல்லாம் சட்டத்தால் மட்டும் தீரும் பிரச்சினைகள் இல்லை.

அதனால்தான் 2018ஆம் ஆண்டு 'அப்லிஃப்ட்' பணிக்குழு அமைக்கப்பட்டது. நீண்டநாள் பள்ளிக்கு வராத பிள்ளைகளை வெறும் ஒழுங்குப் பிரச்சினையாகப் பார்க்காமல், அவர்களின் குடும்பத்துக்கு என்ன உதவி தேவை என்று பார்ப்பது அதன் அணுகுமுறை.

ஒரு நாள்கூட விடாமல் வந்தால் பரிசு கொடுக்கலாமா?

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 15,000க்கும் அதிகமான மாணவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. 2019இல் வெளியான அந்த ஆய்வில் பங்கெடுத்தவர்கள் 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை படித்தவர்கள்.

'முழு வருகை தந்தால் விருது' என்று முன்கூட்டியே அறிவித்தபோது வருகை கூடவில்லை. ஏற்கெனவே முழு வருகை தந்தவர்களுக்குத் திடீரென விருது கொடுத்தபோது, அதற்குப் பிறகு அவர்களின் வருகை குறைந்தது! 'மற்றவர்களைவிட நாம்தான் அதிகம் வருகிறோம் போல' என்ற செய்தியை விருது கொடுத்துவிட்டது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. காய்ச்சலால் ஒரு நாள் வராத பிள்ளைக்கு அன்றோடு அந்தப் பரிசு கைநழுவிவிடும். மீதி நாள்களுக்கு அந்தப் பரிசால் என்ன பயன்?

அப்படியென்றால் எது பலன் தந்தது?

ஒரு சாதாரணக் கடிதம்!

ஃபிலடெல்ஃபியாவில் 28,000க்கும் அதிகமான குடும்பங்களை உள்ளடக்கிய ஆய்வு 2018இல் வெளியானது. 'உங்கள் பிள்ளை இதுவரை இத்தனை நாள் வரவில்லை' என்று பெற்றோருக்கு ஆண்டில் சில முறை கடிதம் போனது. பள்ளி நாள்களில் 10 விழுக்காடு அல்லது அதற்கும் மேல் தவறவிடும் மாணவர்களின் எண்ணிக்கை அதனால் 10 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்தது.

காரணம்? தங்கள் பிள்ளை எத்தனை நாள் போகவில்லை என்பதைப் பெற்றோர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். 'எப்பவாவது ஒரு நாள்தானே' என்ற நினைப்பு. எண்ணிக்கை கண்முன் வந்தால் நினைப்பு மாறுகிறது.

மரியாதைக்கும் வருகைக்கும் என்ன தொடர்பு?

நெருங்கிய தொடர்பு உண்டு. கேலி செய்யப்படும் பிள்ளைக்குக் காலையில் வயிறு வலிக்கும். அடிக்கடி வராத பிள்ளைக்குப் பாடம் புரியாது. புரியாதபோது வகுப்பில் சேட்டை வரும். சேட்டைக்குத் திட்டு விழும். திட்டு விழுந்தால் மறுநாள் போகவே பிடிக்காது.

நம் பள்ளிகளில் மரியாதை பாடமாகவும் பழக்கமாகவும் கற்றுத்தரப்படுகிறது. 2017ஆம் ஆண்டிலிருந்து எல்லாப் பள்ளிகளிலும் மாணவர்கள் தினமும் சற்று நேரம் வகுப்பறை, உணவகம் போன்ற இடங்களைச் சுத்தம் செய்கின்றனர். தன் கையால் மேசையைத் துடைத்த பிள்ளைக்குத் துப்புரவாளரின் உழைப்பு கொஞ்சமாவது புரியும்.

தொடக்கப்பள்ளியில் குணநலன், குடியுரிமைக் கல்வி தாய்மொழி ஆசிரியர்களாலும் கற்பிக்கப்படுகிறது. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே 'யூ'. தமிழில் 'நீ'யா, 'நீங்க'ளா என்று ஒவ்வொரு முறையும் யோசித்தாகவேண்டும். எதிரே நிற்பவர் யார் என்று கவனிக்க மொழியே பிள்ளையைப் பழக்குகிறது. ஆனால் பெரியவர்கள் பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதையும் பிள்ளை கவனிக்கும். வகுப்பு முன்னால் நிற்கவைத்து 'ஏன் லேட்டு?' என்று அதட்டுவது ஒரு பாடம். 'வந்துட்டியா, உட்காரு, அப்புறம் பேசலாம்' என்பது இன்னொரு பாடம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

நீங்கள் இளம் பெற்றோராக இருக்கலாம். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன், அக்காவாகவும் இருக்கலாம்.

• எண்ணுங்கள்: வீட்டு நாள்காட்டியில் பள்ளிக்குப் போகாத நாள்களை வட்டமிடுங்கள். எம்சி எடுத்த நாளையும் சேர்த்துத்தான்.

• முந்தைய இரவைக் கவனியுங்கள்: 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணிநேரத் தூக்கம் தேவை. காலை 6 மணிக்கு எழவேண்டும் என்றால் இரவு 9 மணிக்குள் தூங்கியிருக்கவேண்டும். அப்போது கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும்.

• குறிப்பாகப் பாராட்டுங்கள்: 'குட் பாய்' என்பதைவிட 'இன்னைக்கு பஸ் அங்கிளுக்கு நீயே வணக்கம் சொன்னியே!' என்பது பிள்ளை மனத்தில் நிற்கும்.

• காரணத்தைக் கேளுங்கள்: வயிற்று வலி திங்கட்கிழமைகளில் மட்டும் வருகிறதா? அல்லது உடற்கல்வி உள்ள நாளிலா? 'யார்கூட உட்கார்ந்து சாப்பிடுற?' என்று கேட்டுப் பாருங்கள். 'ஏன் போகமாட்டேங்கிற?' என்ற கேள்வியைவிட அதற்கு அதிகப் பதில் கிடைக்கலாம்.

• சீக்கிரமே பேசுங்கள்: வகுப்பாசிரியரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ சொல்லலாம். 10 நாள் ஆகட்டும் என்று காத்திருக்கவேண்டாம். 3ஆவது நாளிலேயே பேசினால் பிள்ளை விட்ட பாடத்தைப் பிடித்துவிட முடியும்.