சத்தமாக யோசிக்க ஓர் இடம்

லிந்துலைப் பிள்ளை கோடிங் இன்டர்வியூவுக்குத் தயாரானால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: 'லீட்கோட் செய், போதும்.' போதாது! பைனரி ட்ரீயைத் தலைகீழாக்கத் தெரியாததால் கூகுள் தன்னை நிராகரித்ததாக, ஹோம்ப்ரூவை உருவாக்கிய மேக்ஸ் ஹோவெல்லே 2015இல் எழுதினார். அப்போ அங்கே பார்ப்பது திறமையை மட்டுமல்ல, ஒத்திகையையும்தான். கோட் எழுத எழுத, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முழுக் குடும்பமும் படுக்கும் லயத்து அறையில் அதை எங்கே பழகுவது? இதைத் 'திறமைக் குறைவு' என்று சொல்லாதீங்க.

கலைப்பீடத்து எங்களுக்குக் கோட் தெரியாது. ஆனா எதிரே உட்கார்ந்து, 'ஏன் ஹேஷ்மேப்? லிஸ்ட் பத்து மடங்கானா நேரம் எவ்வளவு கூடும்?' என்று கேட்கத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையைத் திறந்து விடுங்க. கரும்பலகை போதும்.