மூளையைக் காக்கும் மருந்து எது?

'எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்' என்பது நம் முன்னோர் வாக்கு. அந்தச் சிரசுக்கு நாம் தரும் மதிப்பைக் காண வேண்டுமானால், பென்னலூரில் நெடுஞ்சாலை ஓரமாகக் காலையில் கால் மணி நேரம் நின்றால் போதும். தொழிற்சாலைப் பேருந்துகளும் கண்டெய்னர் லாரிகளும் விரையும் அச்சாலையில், மோட்டார் சைக்கிளில் தந்தை. பின்னால் சீருடையணிந்த மகள். தந்தையின் தலையில் ஹெல்மெட் இருக்கிறது. மகளின் தலையிலோ ரிப்பன் மட்டுமே!

"இந்தக் காலத்தில் எதற்குத்தான் மருந்தில்லை?" என்று சிலர் கேட்கின்றனர். அவர்களுக்காகவே இதனை எழுத முன்வந்தோம்.

தலையில் அடிபட்டால் மூளைக்கு இருமுறை கேடு நேர்கிறது. மோதிய நொடியிலேயே நேர்வது முதற்கேடு. பின்னர் மணிக்கணக்காகவும் நாள்கணக்காகவும், இரத்தக் கசிவாலும் வீக்கத்தாலும் பிராணவாயுக் குறைவாலும், தப்பிய நரம்பணுக்களும் அழிவது இரண்டாம் கேடு. முதற்கேட்டை எந்த மருந்தும் மாற்றாது. இரண்டாவதைத் தடுக்கும் மருந்தையே விஞ்ஞானிகள் பல்லாண்டுகளாகத் தேடி வருகின்றனர்.

வீக்கத்தைத் தணிக்கும் என்று நம்பி முன்பு ஸ்டீராய்டு மருந்து கொடுத்து வந்தனர். பல நாடுகளில் 10,008 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2004-இல் வெளிவந்தது. மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 21 பேர் இரு வாரங்களுக்குள் இறந்தனர். பெறாதவர்களில் இறந்தவர் 18 பேரே! காக்கும் என நம்பியதே கேடு செய்தது. சிட்டிகோலின் 2012-இலும், புரோஜெஸ்டிரோன் 2014-இலும் பெரிய ஆய்வுகளில் பலனளிக்கத் தவறின.

ஒரு நம்பிக்கைக் கீற்றும் உண்டு. ஜப்பானியப் பெண் மருத்துவர் உதாகோ ஒகாமோட்டோ, தம் கணவருடன் சேர்ந்து கண்டறிந்து 1962-இல் வெளியிட்ட டிரானெக்சாமிக் அமிலம் இரத்தக் கசிவைக் கட்டுப்படுத்துவது. அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் இதனைக் கொடுத்தால், இலேசான, நடுத்தரக் காயமுற்றோரில் மரணம் குறைகிறது என 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. கடுங்காயமுற்றோருக்கு அதனால் பயன் தெரியவில்லை. ஒரு பெண்மணியின் உழைப்பு இத்தனை உயிர்களுக்கு உதவுவது நமக்குப் பெருமையே. ஆயினும் அதுவும் கசிவைத் தடுக்குமேயன்றி, சிதைந்த மூளையைச் சீராக்காது.

நம் மாநிலத்தில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021-இல் தொடங்கியது. இவையெல்லாம் நல்லவையே, ஆனால் அடிபட்ட பின்னரே வருபவை. அடிபடும் நொடியில் உடனிருப்பது ஹெல்மெட் ஒன்றே. மோட்டார் சைக்கிளில் செல்வோருக்குத் தலைக்காயம் நேரும் அபாயத்தை அது ஏறத்தாழ 69 சதவீதம் குறைப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்தோர் கண்டனர். இவ்வளவு பலன் தரும் மருந்து எந்தக் கடையில் கிடைக்கும்?

தோழியரே, "சடை கலையும், பூ கசங்கும்" என்று நாமே சொல்லித் தட்டிக்கழிப்பதில்லையா? கலைந்த சடையைப் பள்ளிக்கு வந்து பின்னிக்கொள்ளலாம். பெற்றோர்களே, ஜூன் மாதத்தில் சீருடையும் புத்தகமும் வாங்கும்போது மகளுக்கும் ஒரு ஹெல்மெட் வாங்குங்கள். நான்கு வயதுக்கு மேற்பட்ட அனைவரும் அணிய வேண்டும் என்பதே சட்டம். "பள்ளியில் எங்கே வைப்பது?" என்ற கேள்வி எழும். எனவே, வாயிலருகே ஓர் அலமாரி அமைத்துத் தருமாறு மதிப்பிற்குரிய அருட்சகோதரியரைப் பணிவுடன் வேண்டுகிறோம்.

மூளையைக் காக்கும் மருந்தை ஒருநாள் நம் வகுப்புத் தோழி ஒருத்தியே கண்டுபிடிக்கக்கூடும். அதுவரை அவள் தலை பத்திரமாக இருக்க வேண்டாமா?