பொறுப்பாளர் சொல்லும் இனிய சொல்

டாக்டர் படிப்பை முடித்துப் பட்டம் வாங்கிவிட்டால் பிள்ளை முழு டாக்டராகிவிட்டான் என்றுதான் நம் லயத்து வீடுகளில் நினைக்கிறோம். அதற்குப் பிறகுதான் முதுகு வளையும் வேலையே இருக்கிறது. நம் நாட்டில் 2 ஆண்டுகள் பயிற்சி டாக்டராக இருக்க வேண்டும். அமெரிக்காவில் அந்தக் கட்டம் இன்னும் நீளம். ரெசிடென்சி என்று அதற்குப் பெயர். பொது மருத்துவத்துக்கு 3 ஆண்டுகள், அறுவைச் சிகிச்சைக்கு 5, மூளை அறுவைக்கு 7. சராசரியாக வாரம் 80 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று 2003-இல் விதி செய்தார்கள். அதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்!

வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களும் அங்குள்ள தேர்வுகளில் தேறினால் இதற்கு மனுச் செய்யலாம். ஆகவே, டாக்டருக்குப் படிக்கும் பிள்ளையுள்ள வீட்டார் இதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

யாருக்கு எந்த மருத்துவமனை என்று முடிவு செய்ய 1952 முதல் அங்கே பொருத்தம் பார்க்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. (ஜோசியர் வேண்டாம், கம்ப்யூட்டர்தான்.) அதற்கு முன்பெல்லாம் மருத்துவமனைகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு, "இடம் தருகிறோம், உடனே பதில் சொல்" என்று மாணவரை நெருக்கின. இப்போது மாணவர் தாம் விரும்பும் இடங்களை 1, 2, 3 என்று வரிசையாக எழுதிக் கொடுக்கிறார். மருத்துவமனையும் தனக்கு வேண்டியவர்களை அவ்வாறே எழுதுகிறது.

அந்த மருத்துவமனைப் பட்டியலில் பெரிய கை, பயிற்சிப் பொறுப்பாளருடையது. மாணவர் எழுதும் பட்டியலிலும் அவருடைய நிழல் விழும். இன்ன மண்டோரின் கீழ் வேலை என்றால் ஆள் ஓடி வருவதும், இன்னொருவர் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பதும் நம் தோட்டங்களில் தெரிந்த கதைதானே? நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளை பார்க்க வேண்டியது அதைத்தான். பயிற்சியில் இருப்பவர்கள் பொறுப்பாளர் எதிரில் வாய் திறந்து பேசுகிறார்களா? தவறு செய்த இளம் டாக்டரைப் பற்றி அவர் எப்படிப் பேசுகிறார்? இவற்றைக் கண்டு பிள்ளையின் மனம் மாறினால் அது நியாயமான மாற்றம். பேர் பெற்ற மருத்துவமனையைக் கீழே தள்ளி, சிறியதை மேலே எழுதினாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொரு வகை உண்டு. நேர்முகம் முடிந்த பிறகு, "உங்களை எங்கள் பட்டியலில் மேலே வைக்கப் போகிறோம்" என்று பொறுப்பாளர் ஒரு சொல் சொல்வார். பையன் குளிர்ந்துபோய், ஆசைப்பட்ட இடத்தை இரண்டாவதாக்கி, இந்த இடத்தை முதலில் எழுதிவிடுவான். அந்தச் சொல் யாரையும் கட்டுப்படுத்தாது, தாய்மார்களே! அதையே இருபது பேரிடம் சொல்லியிருக்கலாம். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நல்ல பிள்ளைகள் கைநழுவக் கூடாதே என்ற கவலை அவருக்கும் இருக்கும். "எங்களை எத்தனையாவதாக எழுதினாய்?" என்று கேட்பதற்கு மட்டும் விதிப்படி தடை இருக்கிறது.

உள்ளபடி எழுதுவதால் பிள்ளைக்கு நட்டம் ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் மாணவரின் முதல் விருப்பத்திலிருந்துதான் தொடங்குகிறது. அது கிடைக்காவிட்டால் இரண்டாவதற்குப் போகிறது. அங்கே வேறொருவர் முன்பே அமர்ந்திருந்தாலும், மருத்துவமனை இவரை மேலே எழுதியிருந்தால் அவர் எழுந்து தம் அடுத்த விருப்பத்துக்குப் போக வேண்டும். பந்திக்குப் பிந்தி வந்தாலும் இலை உண்டு என்பது போல. எட்டாத இடத்தை முதலில் எழுதியதால் எட்டும் இடம் பறிபோகாது. 1998 முதல் நடப்பிலுள்ள இந்தக் கணக்கைத் திருத்தி அமைத்தவர்களில் ஒருவரான ஆல்வின் ராத், 2012-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

முடிவு மார்ச் மாதத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமை வெளியாகும். அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். ஜூலையில் பிள்ளை வெள்ளை அங்கியோடு அந்த மருத்துவமனை வாசலில் நிற்க வேண்டும்.