நிலத்துக்கு எண் உண்டு, உழைப்புக்கு இல்லை: தாமிரபரணிப் படுகையும் வேளாண் தரவும்

அண்ணல் அம்பேத்கரின் 125ஆம் பிறந்த ஆண்டு நிறைவு நாளான 2016 ஏப்ரல் 14 அன்று ‘இ-நாம்’ எனப்படும் மின்னணு தேசிய வேளாண் சந்தையை ஒன்றிய அரசு தொடங்கியது. தொடக்கத்தில் 8 மாநிலங்களின் 21 சந்தைகளே அதில் இணைந்தன. விளைபொருளைத் தரம் பிரித்து, மின்னணு ஏலத்தில் விட்டு, விலையை விவசாயியின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் சேர்ப்பதே அதன் நோக்கம். இடைத்தரகர் கையிலிருந்து விலையை மீட்பது நல்ல நோக்கம்தான். ஆனால் யாரை விவசாயி என்று அரசு கணக்கிடுகிறது என்னும் கேள்விக்கு, நாள் தேர்வில் இருந்த அம்பேத்கரின் நினைவு திட்டத்தின் அமைப்பில் இடம்பெறவில்லை.

2024 செப்டம்பர் 2 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 2,817 கோடி ரூபாய் மதிப்பிலான எண்ம வேளாண் இயக்கம் இக்கேள்வியை மேலும் கூர்மையாக்கியுள்ளது. விவசாயிகள் பதிவேடு, புவிக்குறியிட்ட கிராம வரைபடம், சாகுபடிப் பயிர்ப் பதிவேடு ஆகிய மூன்றும் இதில் அடங்கும். 11 கோடி விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் வழங்குவது இலக்கு. தமிழ்நாட்டிலும் ஊர்தோறும் முகாம்கள் நடத்தப்பட்டன. அங்கே கேட்கப்பட்டவை ஆதார், கைப்பேசி எண், பட்டா ஆகியவை. முதல் இரண்டும் பெரும்பாலோரிடம் உண்டு. மூன்றாவது யாரிடம் உண்டு என்பதில்தான் சாதியின் வரலாறு அடங்கியிருக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சாகுபடியாளர்கள் சுமார் 42 லட்சம். வேளாண் தொழிலாளர்கள் சுமார் 96 லட்சம். நாட்டின் மக்கள்தொகையில் 16.6 விழுக்காடாக இருக்கும் பட்டியல் சாதியினரின் கையில், 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, சாகுபடிப் பரப்பில் 9 விழுக்காட்டுக்கும் குறைவாகவே உள்ளது. பட்டாவை நுழைவாயிலாகக் கொண்ட எந்தத் தரவுத்தளமும், ‘சாதி’ என்னும் சொல்லை ஓரிடத்திலும் எழுதாமலே, சாதிவழிப்பட்ட தரவுத்தளமாகிவிடும்.

தாமிரபரணிப் படுகையில் இதைக் கண்கூடாகக் காணலாம். எட்டு அணைக்கட்டுகளின் வழியே சுமார் 86 ஆயிரம் ஏக்கர் பாசனம் பெறும் இப்பகுதியில் நஞ்சை நிலங்கள் நெடுங்காலம் ஆதிக்கச் சாதியினரிடமும் கோயில்களிடமும் மடங்களிடமும் இருந்தன. அந்நிலங்களில் உழைத்தோர் பெரும்பாலும் பட்டியல் சாதி மக்கள். நெல் வயல்களில் ஒரு பகுதி வாழைத் தோட்டங்களாக மாறிய பின்னரும் இந்த ஏற்பாடு அடியோடு மாறிவிடவில்லை. வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுபவருக்கு ஆவணம் கிடையாது; கூலிக்குத் தார் வெட்டுபவருக்குச் சீட்டும் கிடையாது.

ஒரு வாழைத்தாரின் பயணத்தைத் தரவின் கண்கொண்டு பார்ப்போம். தோட்டத்துக்குச் சர்வே எண் உண்டு. பயிருக்கு எண்மப் பயிர்க் கணக்கெடுப்பில் புவிக்குறியிட்ட படம் உண்டு. ஏற்றிச் செல்லும் லாரிக்குப் பதிவெண் உண்டு. நயினார்குளம் போன்ற மொத்தச் சந்தையின் அன்றைய விலை கைப்பேசியில் வந்துவிடுகிறது. தாரை வெட்டியவர், வரப்பில் சுமந்தவர், லாரியில் அடுக்கியவர் ஆகியோர் மட்டும் எந்தப் பதிவிலும் இல்லை. மாரி செல்வராஜின் ‘வாழை’ திரைப்படம் 2024இல் திரைக்குக் கொண்டுவந்தது இந்தச் சுமை தூக்கும் மனிதர்களைத்தான். திரையில் கண்டு கலங்கிய சமூகம் அவர்களைப் பதிவேட்டில் இன்னும் காணவில்லை.

பதிவில் இல்லாதவருக்குப் பேரிடரிலும் பங்கில்லை. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த பெருமழையில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் நெல்லும் வாழையும் மூழ்கின. பயிர்ச்சேத நிவாரணம் ஹெக்டேர்க் கணக்கில் வழங்கப்படுவது. நிலமற்றவர் பல மாத வேலையை இழக்கலாம். ஆயினும் அவர் இழந்த கூலி நாள்களை அளக்கும் அலகு அக்கணக்கில் இல்லை. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமரின் கிசான் திட்டமும் 2019இல் தொடங்கியபோதே நிலம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு மட்டுமே என வரையறுக்கப்பட்டது. காகிதக் காலத்தில் கிராம நிர்வாக அலுவலரிடம் முறையிட ஒரு வாய்ப்பாவது இருந்தது. மென்பொருள் நிராகரித்தால் முறையிடுவது யாரிடம்?

இன்னோர் ஆபத்தும் உண்டு. 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் பல, விதிகளை மீறிப் பிறர் பெயருக்கு மாறிவிட்டன. மூல ஆவணங்களைச் சரிபார்க்காமல் இன்றைய பட்டாவை அப்படியே எண்மமாக்கினால், அபகரிப்பும் அடையாள எண் பெற்றுவிடும்.

தரவு எந்நேரமும் உழைப்பவருக்கு எதிரானது என்பதில்லை. அது யாருடைய கேள்விக்கு விடை சொல்ல உருவாக்கப்படுகிறது என்பதே முக்கியம். அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம் கட்டச்சங்கிலித் தொழில்நுட்பத்தைச் சோதித்தபோது, ஒரு மாம்பழப் பொதியின் தோற்றுவாயைக் கண்டறிய ஏறத்தாழ 7 நாள்கள் எடுத்த வேலை 2.2 நொடிகளில் முடிந்தது. பழம் எங்கிருந்து வந்தது என்பதே அங்குக் கேட்கப்பட்ட கேள்வி. பறித்தவர் என்ன கூலி பெற்றார் என்பது கேட்கப்படவில்லை. அதே நாட்டின் ஃபுளோரிடா தக்காளித் தோட்டங்களில் இம்மோகலி தொழிலாளர் கூட்டமைப்பு அந்த இரண்டாம் கேள்வியை எழுப்பியது. 2011 முதல் அங்குப் பரவலான நியாய உணவுத் திட்டத்தின்படி, வேலை நேரம் கருவியில் பதிவாக வேண்டும். வாளியைக் குவியலாக நிரப்பச் சொல்லிக் கூடுதல் தக்காளியைக் கூலியின்றிப் பெறும் வழக்கம் தடைசெய்யப்பட்டது. வாங்கும் பெருநிறுவனங்கள் கூடுதல் தொகை தருகின்றன. அதே தரவு அங்குத் தொழிலாளியின் கைக்கருவியானது.

தொழிலாளரைப் பதிவுசெய்தால், கூலி உயர்வு கேட்பவரை அடையாளம் கண்டு ஒதுக்க அதே பட்டியல் பயன்படாதா என்னும் அச்சம் நியாயமானது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளருக்காக நெல்லையில் நடந்த பேரணியில் 17 உயிர்களைத் தாமிரபரணிக் கரையில் பறிகொடுத்த மண் இது. எனவே தொழிலாளர் பதிவேடு தோட்ட உரிமையாளரோ வணிகரோ பார்க்கக்கூடியதாக இருத்தல் கூடாது. தொழிலாளர் அமைப்புகளின் கண்காணிப்பில், நலத்திட்டங்களுக்கும் கூலி உறுதிக்கும் மட்டுமே அது பயன்பட வேண்டும்.

இவற்றுக்குப் புதிதாகச் சட்டம் தேடி அலைய வேண்டியதில்லை. குத்தகைதாரரின் பெயரைப் பதிவுசெய்வதற்கென்றே 1969ஆம் ஆண்டின் தமிழ்நாடு வேளாண் நிலக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் நிலமற்ற வேளாண் தொழிலாளரையும் உறுப்பினராக ஏற்கிறது. ஆக, அவர்களைக் கணக்கிட அரசுக்கு வழி தெரியும். அந்த வழியைப் புதிய பதிவேட்டுடன் இணைக்க வேண்டும். குத்தகைதாரர், தொழிலாளர் பட்டியல்கள் கிராம சபையில் வாசிக்கப்பட்டு, விடுபட்டோர் சேர்க்கப்பட வேண்டும். பயிர்ச்சேதக் கணக்கில் இழந்த வேலைநாள்களும் இடம்பெற வேண்டும்.

2024 நவம்பரில் எண்மப் பயிர்க் கணக்கெடுப்புக்காகத் தமிழ்நாட்டின் வேளாண் கல்லூரி மாணவர்கள் வயல்களுக்கு அனுப்பப்பட்டனர். செயலி அவர்களிடம் கேட்டது சர்வே எண்ணையும் பயிரையும். அடுத்த கணக்கெடுப்புக்கு வயலில் இறங்கும் மாணவர், செயலி கேட்காத ஒரு கேள்வியையும் கேட்டு வரட்டும்: இந்தப் பயிரில் உழைப்பவர் யார்? அந்த விடைக்கும் பதிவேட்டில் ஒரு கட்டம் வேண்டும் என்பதே நம் கோரிக்கை.