பாடம் மட்டும் போதும் என்பவர்களுக்கு

"பள்ளிக்கூடம் பாடம் நடத்தத்தான். யாருக்கு யார் மேல் ஈர்ப்பு என்பதெல்லாம் வீட்டு விவகாரம்" என்று வாதிடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகள் உதைபடும் இடங்களில் பள்ளித் தாழ்வாரமும் கழிவறையும் உண்டு.

லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபேர்ஃபாக்ஸ் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தவர் வர்ஜீனியா உரிபே. அங்கே வந்து சேர்ந்த மாணவன் ஒருவன், தன்பாலீர்ப்பாளன் என்பதற்காகவே தொடர்ந்து துன்புறுத்தப்பட்டுப் படிப்பையே விட்டுப் போனான். வகுப்பில் இல்லாத பிள்ளைக்கு எந்தப் பாடத்தை நடத்துவது? 1984-இல் 'புராஜெக்ட் 10' திட்டத்தை உரிபே தொடங்கினார். மதிய உணவு வேளையில் ஓர் அறையில் கூடி, மனதில் இருப்பதைப் பேசலாம். அவ்வளவுதான். இதைத்தான் எதிர்ப்பாளர்கள் தன்பாலீர்ப்புக்கு 'ஆள்பிடிப்பு' என்றார்கள். ஏற்கெனவே அடிபட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளை யார், எதற்காகப் பிடிக்க வேண்டும்?

"கேலி எல்லாப் பள்ளியிலும் உண்டு, தானே சரியாகும்" என்பது அடுத்த வாதம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்லண்டில் அது சரியாகவில்லை. ஜேமி நபோஸ்னி என்ற மாணவன் மேல் கழிவறையில் சிறுநீர் கழித்தார்கள். வயிற்றில் உதைத்ததில் அவனுக்கு அறுவைச் சிகிச்சையே தேவைப்பட்டது. பெற்றோர் திரும்பத் திரும்ப முறையிட்டும் நிர்வாகம் அசையவில்லை.

நபோஸ்னி வழக்குத் தொடுத்தான். 1996-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டத்தின் சமப் பாதுகாப்பு அவனுக்கும் உண்டு என்றது. பின்னர் ஜூரி பள்ளி அதிகாரிகளையே பொறுப்பாக்கியது. இழப்பீடு 9 லட்சம் டாலரைத் தாண்டியது. அதில் ஒரு சிறு பங்கு இருந்திருந்தால், உரிபே திறந்ததைப் போன்ற அறைகளை அந்த வட்டாரப் பள்ளிகள் எல்லாவற்றிலும் திறந்திருக்கலாம்.