விளைச்சல் மரபணு என்றொன்று உண்டா?

அண்மையில் பள்ளி மாணவர்க்கான பேச்சுப் போட்டி ஒன்றில் நடுவராக அமர்ந்திருந்தேன். பேசியோருள் நால்வர், "நெல்லின் விளைச்சல் மரபணுவை விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டனர், இனிப் பஞ்சம் பறந்தோடும்" என்று முழங்கினர். அவையோர் கைதட்டினர். மாணவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவ்வுரைகளை எழுதிக் கொடுத்த ஆசிரியப் பெருமக்களோடுதான் என் வழக்கு.

நெல்லுக்கு விளைச்சல் மரபணு என்று தனியே ஒன்று கிடையாது. தண்டின் உயரத்துக்கு, கதிரின் மணியெண்ணிக்கைக்கு, மணியின் நீள அகலத்துக்கு, பூக்கும் நாளுக்கு, தூரின் தொகைக்கு எனப் பல மரபணுக்கள் உண்டு. இவை தம்முள் இழுபறி நடத்தி, மண்ணோடும் நீரோடும் வெயிலோடும் உடன்பட்ட பின்னர் களத்துமேட்டில் எஞ்சுவதே விளைச்சல்.

ஐ.ஆர்.8 நெல்லையே எடுத்துக்கொள்வோம். பிலிப்பீன்சிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-ஆம் ஆண்டில் வெளியிட்டது. நம் நாட்டில் 'ரியா' எனப் பெயர் பூண்டது. இந்தோனேசியாவின் நெட்டை நெல்லாகிய பேத்தாவுக்கும் தைவானின் குட்டை நெல்லாகிய டீ-ஜியோ-ஊ-ஜென்னுக்கும் பிறந்த பிள்ளை அது. அதன் புகழுக்குக் காரணமான மரபணு மணியை நேரே பெருக்கவில்லை, தண்டைக் குறுக்கியது. நெட்டை நெல்லுக்கு உரத்தை மிகுதியாக இட்டால், கதிர் கனத்ததும் சாய்ந்து சேற்றில் படுத்துவிடும். குட்டை நெல்லோ உண்ட உரத்தோடு நிமிர்ந்து நின்றது. உரமும் நீரும் இல்லாத ஏழையின் வயலில் அம்மரபணுவுக்கு வேலை குறைவு. இதனை எந்த மேடையில் கேட்டோம்?

மற்றொரு செய்தியும் உண்டு. அம்மரபணு இன்னதென்று 2002-ஆம் ஆண்டில் ஆய்வாளர் கண்டபோது, அது ஒரு குறைபாடு என்றே தெரிந்தது. ஜிப்பரெல்லின் என்னும் வளர்ச்சி ஊக்கியை ஆக்க உதவும் மரபணுவில் 383 எழுத்துகள் உதிர்ந்து போயிருந்தன. அவ்வுதிர்வைச் சுமந்த நெல்லைத் தைவான் உழவர் முன்பே பேணி வைத்திருந்தனர். நெல் வந்து 36 ஆண்டுகள் கழித்தே மரபணுவின் முகவரி தெரிந்தது. அதுவரை உலகம் பட்டினி கிடக்கவில்லை. அந்நெல்லின் வழிவந்த சோற்றை உண்டுகொண்டுதான் இருந்தது.

2005-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர், கதிரின் மணியெண்ணிக்கையைக் கூட்டும் மரபணு ஒன்றைக் கண்டறிந்தனர். சைட்டோகைனின் என்னும் ஊக்கியைச் சிதைக்கும் நொதி குறைந்தால் பூக்கள் மிகும். அருமையான ஆய்வு. ஆயினும் பூத்ததெல்லாம் மணியாகுமா? மணியை நிரப்ப இலை வேண்டும். இலைக்கு வெயில் வேண்டும். நிரம்பாத மணிக்குத் தமிழில் பதர் என்று பெயர். தொட்டியில் வளர்த்த சில செடிகளிற் கண்ட பெருக்கத்தை, பல ஊர் வயல்களில், பல பருவங்களில் அறுத்து எடையிட்டுப் பாராமல் விளைச்சல் என்று பறைசாற்றுவது, நாற்றங்காலைப் பார்த்துக் குதிர் கட்டுவதை ஒக்கும்.

"அப்படியாயின் மரபணுத் தேடல் வீணா?" என்று வினவுவர். வீண் என்று யான் சொல்லவில்லை. ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்று வெள்ளத்தில் இரு வாரம் மூழ்கியும் பிழைக்கும். அதன் மரபணு 2006-ஆம் ஆண்டில் அடையாளம் காணப்பட்டது. அதனை ஏற்ற சுவர்ணா நெல் 2009-ஆம் ஆண்டில் இந்திய உழவரிடம் சென்றது. வெள்ளம் வராத ஆண்டில் அது பழைய சுவர்ணாவைப் போலவே விளையும். வந்த ஆண்டில்தான் அதன் அருமை தெரியும். விளைச்சலைக் கூட்டாமல், இழப்பைத் தடுத்தே குடும்பங்களைக் காத்த மரபணு இது.

அந்தச் சுவர்ணாவின் பெற்றோருள் ஒன்று யாது? நம் நாட்டில் 1965-ஆம் ஆண்டில் வெளியான மசூரி! நம் மாணவர் அறியாத செய்தி இது. தைச்சுங் 65 என்னும் தைவான் நெல்லையும் மாயாங் எபோஸ் என்னும் மலாயா நெல்லையும் கட்டாக்கில் கலந்து, வழித்தோன்றல்களை இங்கே தேர்ந்தெடுத்துப் பெற்ற இனம் அது. தமிழ்நாட்டில் 1986-ஆம் ஆண்டில் வெளியான வெள்ளைப் பொன்னியும் மசூரியின் வழியே. நம் தட்டிலிருக்கும் பொன்னிச் சோற்றில் மலாயா உழவர் காத்த விதையும் கலந்திருக்கிறது.

அவ்விதைகள் அழிந்தபின் எந்த ஆய்வுக்கூடம் எதைத் தேடும்? நெல்லைப் புல்தழைக் குட்டை நோய் வாட்டியபோது, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தும், உத்தரப் பிரதேசத்துக் காட்டு நெல் ஒன்றிலேயே அதற்கான எதிர்ப்பு கிடைத்தது. களையென்று பிடுங்கி எறியத்தக்க செடி அது!

ஆதலின், அடுத்த போட்டிக்கு உரை எழுதப்போகும் ஆசிரியர், தம் மாணவரைக் கெடாவின் வயல்வரப்புக்கு ஒருமுறை அழைத்துச் செல்லட்டும். முற்றிய கதிரொன்றை உருவி, நிறைந்த மணி எத்தனை, பதர் எத்தனை என்று எண்ணச் செய்யட்டும். உரையைப் பிறகு எழுதலாம்.